அவளுக்குக் கேட்கத் தொடங்கிய மாதம்

மாலை நான்கு பத்து. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், லிபெர்த்தாப் பகுதியில் ஒரு காதுக் கருவிக் கடை. முதலில் கண்ணில் பட்டது மேசையில் விரித்திருந்த நீலத் துணி. அதன்மேல் இரண்டு காதுக் கருவிகள், புளியங்கொட்டை அளவு, சாம்பல் நிறம். ஒவ்வொன்றிலிருந்தும் மீன் பிடிக்கும் தங்கூசி நூலைப் போல ஒரு மெல்லிய குழாய் நீண்டிருந்தது. வெள்ளை மேலங்கி போட்ட இளம் பெண் ஒருத்தி அவற்றை என் மனைவியின் காதுகளுக்குப் பின்னால் மாட்டி, குழாயின் நுனியை உள்ளே தள்ளி, தலைமயிரை இழுத்து மூடிவிட்டாள். பிறகு மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்துக் கைக்குள் கசக்கினாள்.

என் மனைவி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். அடுத்துக் கூரையைப் பார்த்தாள். கடைசியாகத்தான் அந்தக் கையைப் பார்த்தாள்.

“கடதாசியே இது?”

“ஓம்” என்றேன்.

கைப்பையின் ஸிப்பை இழுத்தாள். சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். மறுபடி மெதுவாக இழுத்துப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“உங்கடை குரல் கிழண்டிப்போச்சு.”

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் என்னிடம் இத்தாலிய மொழியில் கேட்டாள். நன்றாகக் கேட்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

கணினித் திரையில் ஒரு கோடு இருந்தது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, பாதி தூரம் சமமாக வந்து, பிறகு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் இறங்கியது. கனத்த சத்தங்கள் அவளுக்குக் கேட்கின்றன என்று அந்தப் பெண் விளக்கினாள்: பஸ், இடி, அடித்துச் சாத்தும் கதவு. மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் கேட்பதில்லை: குருவி, சிறு மணி, விசில், பேச்சில் வரும் சகரம். இப்படிப்பட்டவர்களுக்குத் தாங்கள் செவிடு என்பதே தெரியாதாம். மற்றவர்கள் வாய்க்குள் பேசுகிறார்கள் என்றுதான் நினைப்பார்களாம். முன்பு எப்போதாவது கிட்டத்தில் பெரிய சத்தம் எதுவும் கேட்டதா என்று கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன்.

“செல் விழுந்தது எண்டு சொல்லுங்கோ” என்றாள் மனைவி.

செல் என்ற எறிகணையை விளக்காமல் நான் ‘போர்’ என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் ஒரு சொல்லை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் கடைசி நாளில் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுதான் அந்தக் கடையின் ஏற்பாடு. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். அதே லிபெர்த்தாப் பகுதியில் ஒரு முதிய பெண்மணியை என் மனைவி ஏழு வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் நாங்கள் அவரைச் ‘சிஞ்ஞோரா’ என்றே சொல்வோம். காலையில் போய் மாலையில் வருவாள். சிஞ்ஞோராவுக்கு இப்போது நடை தளர்ந்துவிட்டது. ஏதும் வேண்டுமென்றால் கட்டிலுக்கருகே இருக்கும் கைமணியை ஆட்டுவார். இரண்டு தடவை அந்த மணி என் மனைவிக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சிஞ்ஞோரா தானே எழும்பப் பார்த்து வழுக்கி விழுந்தார். அடி எதுவுமில்லை. ஆனால் அவருடைய மகள் அன்று மாலை என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: உங்கள் மனைவியை எங்களுக்குப் பிடிக்கும், அம்மாவுக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும், இருந்தாலும் மணி கேட்காத ஒருவரிடம் அம்மாவை விட்டுவிட்டு நான் வேலைக்குப் போக முடியாது. காதுக்கு ஏதாவது செய்து பாருங்கள், ஒரு மாதம் பொறுக்கிறேன்.

வேலை போனால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. “வேறை ஆள் வந்தால் அவவுக்குத் தலை இழுக்கத் தெரியாது” என்றாள். சிஞ்ஞோராவின் தலைமயிரைச் சிக்கெடுத்துச் சீவிவிடுவதைத்தான் அப்படிச் சொன்னாள். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அவள் பேசியது அவ்வளவுதான்.

முதல் வாரம் வீட்டில் பூகம்பம். நாங்கள் நகரின் சீசாப் பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கீழே தெரு, தெருவில் கடைகள், எதிரே கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் மற்ற வீட்டுப் பால்கனிகள். பிரிட்ஜ் இரைகிறது என்று அவள் அதன் செருகியைப் பிடுங்கினாள், பால் திரைந்துபோனது. கோப்பையைத் தட்டில் வைத்தால் முகத்தைச் சுளித்தாள். சோறு தின்னும்போது கருவிகளைக் கழற்றி உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். “நான் சப்புறது எனக்கே கேக்குது. மாடு மாதிரிக் கிடக்கு.”

“எங்களுக்கு எப்பவும் கேட்டதுதானே, அம்மா” என்றாள் மகள். அவளுக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள், தமிழையே சிசிலிக்காரரைப் போல இழுத்துப் பேசுவாள்.

“உன்ரை வாய் கேக்கிறதுதான் எனக்கு ஆக மோசம்.”

ஆனால் வேறு சிலவும் நடந்தன. எதிர்ப் பால்கனியில் ஒரு கணவனும் மனைவியும் காலையில் பேசிக்கொள்வார்கள். அவர்கள் தினமும் சண்டை பிடிப்பதாகவும் அந்த மனிசன் ஒருநாள் அவளை அடிக்கத்தான் போகிறான் என்றும் என் மனைவி பல வருடமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் உடுப்புக் காயப்போட வெளியே போனவள் அசையாமல் நின்றாள். உள்ளே வந்து என் காதோடு சொன்னாள்: “சண்டை இல்லையப்பா. தக்காளியைப் பற்றிக் கதைக்கினம். எது சோஸுக்கு நல்லது எண்டு.”

மெல்லிய எழுத்துகள் உதிர்ந்துபோன பேச்சில் மிஞ்சுவது உயிரெழுத்துகளின் முழக்கம் மட்டுந்தான். அது யாருடைய வாயிலிருந்து வந்தாலும் கோபம் போலவே கேட்கும். பயப்படத் தேவையில்லாத ஒரு வீட்டைப் பார்த்து அவள் இத்தனை வருடம் பயந்திருக்கிறாள். அன்று மாலை எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பால்கனியிலிருந்து கையாட்டினாள். அந்தப் பெண்ணும் கொஞ்சம் குழம்பிப்போய்க் கையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், “பிதா, சுதன்” என்று குருவானவர் தொடங்கியதும் என் கையைக் கிள்ளினாள். அவளுக்கு இதுவரை ‘உதன்’ என்றுதான் கேட்டிருக்கிறது. உள்ளதென்று தெரிந்த சகரத்தை மனத்துக்குள் தானே போட்டுக்கொண்டாளாம்.

இரண்டாம் வாரம் வேலையிலிருந்து கண் கலங்கி வந்தாள். வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

“சிஞ்ஞோரா எனக்காக உச்சுக் கொட்டுறா” என்றாள்.

“எதுக்கு?”

“எல்லாத்துக்கும். யன்னலைத் திறக்கவோ எண்டு கேட்டன், ‘ச்’ எண்டா. தேத்தண்ணி போடவோ எண்டன், ‘ச்’. நான் கஷ்டப்படுறன் எண்டு அவ்வளவு இரக்கம். இவ்வளவு நாளும் எனக்குக் கேக்கேல்லை.”

மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“என்னடி?”

“நோ, அம்மா, நோ! அது இரக்கம் இல்லை. ‘நோ’ எண்டு சொல்லுறா!”

சிசிலியில் ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்பதைப் பல வேளை வாய் திறந்து சொல்வதில்லை. தாடையை மேலே தூக்கி, நாக்கைத் தட்டி ஒரு ‘ச்’. அவ்வளவுதான். என் மனைவி ஏழு வருடம் அந்தத் தாடையை மட்டும் பார்த்திருக்கிறாள். நம் ஊரில் தாடையை மேலே தூக்கினால் ‘என்ன சொன்னாய்?’ என்று அர்த்தம். ஆகவே அவள் கேள்வியை இன்னும் உரக்கத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். சிஞ்ஞோரா மறுபடியும் தாடையைத் தூக்கியிருக்கிறார். அவள் மறுபடியும் கேட்டிருக்கிறாள். கடைசியில் தேநீர் வந்துவிடும்.

“ஏழு வருசமா அந்த மனிசி வேண்டாத தேத்தண்ணி எல்லாம் குடிச்சிருக்குது” என்றேன்.

“அதுதான் என்னை விடுறாவில்லை. பயத்திலை” என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. தன் சிரிப்பின் மேல்முனை தனக்கே கேட்டு, சட்டென்று நிறுத்தி, மறுபடியும் சிரித்தாள்.

இப்படி மேலும் இரண்டு வாரம் போனது. கைமணி அவளுக்குக் கேட்டது. சமையலறையில் தண்ணீர் ஓடினாலும் கேட்டது. சிஞ்ஞோராவின் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்து மகிழ்ச்சி என்றார். நான் மட்டும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு எங்கள் தெருக்கோயில் திருநாள். திருநாளென்றால் வாணவேடிக்கை.

பலேர்மோவில் வெடி கொளுத்தத் திருநாளே தேவையில்லை. பிறந்தநாள், ஞானஸ்நானம், கலியாணம் என்று எதற்கும் கொளுத்துவார்கள். பட்டப்பகலில் நிறமே தெரியாத நேரத்தில்கூடச் சத்தத்துக்காகவே கொளுத்துவார்கள். அந்த நேரங்களில் என் மனைவி குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வீட்டில் வெளியே திறக்கும் யன்னலோ கதவோ இல்லாத அறை அது ஒன்றுதான். குளியல் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குந்தியிருப்பாள். மகள் சின்ன வயதில் அந்த அறைக்கு, பதுங்குகுழி என்ற பொருளில், ‘அம்மாவின்ரை பங்கர்’ என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத் தோழிகளுக்கும் அப்படியே சொல்லியிருக்கிறாள். பங்கர் என்பது ஏதோ தமிழ்க் குளியலறை என்று அவர்கள் நினைத்தார்களாம். முடிந்ததும் என் மனைவி வெளியே வந்து விட்ட வேலையைத் தொடர்வாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

அவள் மன்னார்க் கரைப்பக்கத்துக்காரி. போரின் கடைசி வருடங்களில் குடும்பத்தோடு இடம் இடமாக ஓடியவள். நான் யாழ்ப்பாணத் தீவொன்றில் பிறந்திருந்தாலும் இளவயதிலேயே கொழும்புக்குப் போய், ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி திருத்துபவனாக இருந்தேன். செல் எனக்குத் தொலைபேசி வழியாக வந்த ஒரு விடயம். நிருபர் ஊர், நேரம், எண்ணிக்கை சொல்வார். நாங்கள் ‘பாரிய சத்தத்துடன்’ என்று எழுதுவோம். எல்லா இடத்துக்கும் அதே சொற்கள்தான். நிருபர் வேறு ஏதாவது சொல்லியிருந்தாலும் திருத்தி ‘பாரிய சத்தம்’ ஆக்கிவிடுவது என் வேலை.

ஆகவே நான் இப்படிக் கணக்குப் போட்டேன். காது மந்தமாக இருக்கும்போதே குளியலறைக்குப் போகிறவள், முழுதாகக் கேட்டால் என்ன ஆவாள்? வாணங்கள் கீச்சென்று கூவிக்கொண்டு ஏறும் அந்தச் சத்தம் இதுவரை அவளுக்குக் கேட்டிருக்க வழியில்லை. அந்தக் கோட்டின்படி அது கிணற்றுக்குள் விழுந்த பகுதியில் இருக்கிறது. இனி அதுவும் கேட்கும். ஒரு தடவை கேட்டால் போதும், கருவிகளைக் கழற்றி எறிந்துவிடுவாள், மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். சிஞ்ஞோராவின் மகள் பொறுப்பதாகச் சொன்ன மாதமும் திங்கட்கிழமையோடு முடிகிறது.

சனிக்கிழமை சொல்லிப் பார்த்தேன். “நாளைக்குப் பின்னேரம் ஒரேத்தோப் பக்கம், மச்சான் வீட்டை போவமே? கனநாளாய்க் கூப்பிடுறார்.”

“உங்கடை மச்சான் ஒருநாளும் எங்களைக் கூப்பிட்டதில்லை.”

“கூப்பிட்டவர்.”

“மீன் வாங்கியாச்சு. அங்கை போய்ப் பொரிக்கிறதே?”

“அப்ப எட்டரைக்கு வாணம் தொடங்க முதல் காது மெசினைக் கழட்டி வையும்.”

“பாப்பம்” என்றாள்.

ஞாயிறு மாலை நான் எல்லா யன்னல்களின் பலகைக் கதவுகளையும் சாத்தினேன். ஆனிக் கடைசி, வீடு அவிந்தது. கீழே பான்ட் வாத்தியம் ஊர்வலத்தோடு போய்க்கொண்டிருந்தது. சமையலறைக்கு யன்னல் இல்லை. பின்கட்டை நோக்கிய ஒரு கண்ணாடிக் கதவுதான். அதை அவள் திறந்தே வைத்திருந்தாள். சாத்தினால் மீன் மணம் வீடு முழுக்கப் போய்விடுமாம். மின்விசிறியை எடுக்க நான் அறைக்குள் போனேன். இன்னும் எட்டரை ஆகவில்லை, வானத்தில் கோடை வெளிச்சம் மிச்சமிருந்தது. வழக்கம்போல் பிந்தித் தொடங்குவார்கள் என்றே நினைத்திருந்தேன்.

முதல் வாணம் அப்போது போனது. கீச்சென்று நீளமாகக் கூவிக்கொண்டு ஏறியது. விசிறியைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினேன். நடையில் மகள் எனக்கு முன்னால் ஓடினாள்; அவளுக்கும் அதே நினைப்புத்தான்.

என் மனைவி அடுப்பின் முன்னால் நின்றாள். கையில் மீன் திருப்பும் கரண்டி. தலையைச் சற்றுச் சரித்து, மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாணம் வெடித்தது. தோள் ஒரு துள்ளுத் துள்ளியது. நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டாவது கூவியது. அவள் சுட்டுவிரலை உயர்த்தி எங்களைப் பேசவேண்டாம் என்று காட்டினாள். அது ஏறி, மெலிந்து, நின்று, வெடித்தது.

“கூவுது” என்றாள்.

“இஞ்சாரும், கழட்டும். நான் கழட்டி விடுறன்.”

அவள் என் கையைத் தள்ளினாள். “பொறுங்கோ. கேக்கட்டும்.”

மூன்றாவது கூவியது. அவளுடைய உதடுகள் அசைந்தன. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

“எங்களுக்கில்லை” என்றாள்.

“என்னது?”

“கூவிக்கொண்டு போறது எங்களுக்கில்லை. அது தாண்டிப் போறது. அங்காலை விழும்.” மீனைப் பார்த்தபடியே பேசினாள். “கிட்ட விழுறது கூவாது. சத்தமே வராது, பேந்து ஒரேயடியாய் வெடிக்கும். நாங்கள் பங்கருக்குள்ளை கூவுதோ எண்டுதான் கேட்டுக்கொண்டு இருப்பம். கூவினால் அம்மா மூச்சு விடுவா.”

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“இஞ்சை வந்த நாள் தொடக்கம் ஒண்டுமே கூவேல்லையப்பா. எல்லாம் கூவாமல்தான் வெடிச்சது.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். வாணங்கள் இப்போது மூன்றும் நான்குமாகச் சேர்ந்து ஏறத் தொடங்கியிருந்தன. பின்கட்டின் சுவர்களில் சிவப்பும் பச்சையும் விழுந்தன. கூவாத வெடியும் சில வந்தன. அவற்றுக்கு அவள் கண்ணை மூடினாள். பிறகு ஒன்று கூவியது, கண்ணைத் திறந்தாள்.

“அம்மா, பங்கருக்குப் போகேல்லையே?” என்று மகள் மெதுவாகக் கேட்டாள். கேலியாகத் தொடங்கிய குரல் பாதியில் மாறிவிட்டது.

“போடி. மீன் கரியும்.”

மகள் போகவில்லை. தாயின் பின்னால் போய் நின்று, இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோளில் தாடையை வைத்தாள். தாயின் கருவி மகளின் கன்னத்தில் பட்டு வீல் என்று அழுதது. எதிலாவது முட்டினால் அப்படித்தான் செய்யும். “ஐயோ, அங்காலை போ, காது கூவுது” என்று கத்தினாள் என் மனைவி. “காது கூவினாலும் எங்களுக்கில்லையே?” என்று மகள் கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். நான் போய் முன்பக்கத்துப் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். புகையும் காற்றும் உள்ளே வந்தன.

கடைசி அடுக்கு வெடி முடிய மீனின் ஒரு வால்துண்டு கருகித்தான் போயிருந்தது. அதை எனக்கு வைத்தாள். சாப்பிடும்போது வழக்கம்போலக் கருவிகளைக் கழற்றி மேசையில் வைத்தாள். நான் கேட்கவேண்டியவை இருந்தன. அவளுக்குக் கேட்கும்படி உரத்துக் கேட்க வேண்டியிருக்கும் என்பதால் அன்று கேட்கவில்லை. அடுத்த நாட்களில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். சிலவற்றைச் சொன்னாள்.

திங்கட்கிழமை அவளே அந்தக் கடைக்குப் போய்க் கருவிகளை வைத்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அங்கிருந்து நேரே வேலைக்குப் போனாள். இப்போது தினமும் போடுகிறாள். பஸ்ஸில் மட்டும் கழற்றிவிடுகிறாள்.